ஓகஸ்ட் முகாமா, மாலை வகுப்பா?

மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம் எங்கள் ஊர் வாசிகசாலைக்கு வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் அனுப்பும் காசு ஏதாவது ஒன்றுக்குத்தான் காணும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓகஸ்ட் விடுமுறையில் மூன்று கிழமை வாசிப்பு முகாம் வைக்கலாம். இல்லாவிட்டால் வருடம் முழுக்க, கிழமைக்கு மூன்று நாள் மாலை வகுப்பு நடத்தலாம். முதலில் முகாம் வைத்தோம், அடுத்த வருடம் மாலை வகுப்புக்கு மாறினோம். நான் இப்போது மாலை வகுப்பின் பக்கம்.

முகாமிலும் நல்லது உண்டு. காலை நேரம், களைப்பில்லாத பிள்ளைகள், விடுமுறைக்கு ஊர் வந்த கம்பஸ் அண்ணாமார், அக்காமார். பாட்டும் விளையாட்டும் சேர்ந்ததால் பிள்ளைகள் அதை இன்னமும் கேட்கிறார்கள். செலவில் பெரிய வித்தியாசம் இல்லை.

என் மனம் மாறியது பலனை அளந்த இடத்தில். முதல் நாள் ஒரு வாசிப்புச் சோதனை, கடைசி நாள் அதே சோதனை. சராசரி நன்றாக ஏறியிருந்தது, எல்லாருக்கும் சந்தோசம். அப்புறம் பிள்ளைகளின் வரவுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது சிறுபோக வேளாண்மை வெட்டுக் காலம். தாய் தகப்பன் வயலுக்குப் போக, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நின்ற பிள்ளைகள்தான் முகாமைப் பாதியில் விட்டவர்கள். வாசிக்க மிகவும் தடுமாறியவர்களும் அவர்களே. கடைசிச் சோதனையில் அவர்கள் இல்லை. மற்றவர்கள் ஓர் எழுத்துக்கூடப் புதிதாகப் படிக்காவிட்டாலும் சராசரி ஏறித்தான் இருக்கும். இரண்டு சோதனைக்கும் இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன். முன்னேற்றம் பாதியாகச் சுருங்கியது. ஒக்டோபரில் அவர்களையே திரும்ப வாசிக்க வைத்தோம். பலர் பழைய இடத்துக்கே வந்திருந்தார்கள்.

மாலை வகுப்பில் அளக்கும் முறையையே மாற்றினோம். இந்தியாவின் ‘பிரதம்’ என்ற கல்வி அமைப்பு செய்வது போல எழுத்து, சொல், பந்தி, கதை என்று நான்கு படி. பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொன்னால் சில நிமிடத்தில் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். தவணைக்கு ஒருமுறை பார்க்கிறோம். இடையில் நின்ற பிள்ளையின் வீட்டுக்கும் போய் வாசிக்க வைத்துக் கணக்கில் சேர்க்கிறோம். வகுப்புக்கே வராத அயல் பிள்ளைகள் சிலரையும் பார்க்கிறோம். பள்ளிக்கூடத்தாலும் பிள்ளை வளரும். அதை எங்கள் கணக்கில் போடக்கூடாது. சொல்லோடு நின்றவர்களில் கூடுதலானோர் இப்போது பந்தி வாசிக்கிறார்கள். அயல் பிள்ளைகள் அந்த அளவுக்கு நகரவில்லை.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற அரசுத் திட்டமும் தன்னார்வலர் நடத்திய மாலை வகுப்புதான். கொரோனாக் காலத்தில் இழந்த படிப்பைப் பிள்ளைகள் மீட்டதில் ஏறக்குறையக் கால் பங்கு அதனால் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஆனால் மாலை வகுப்பு என்றாலே போதும் என்றும் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூரில் பாடசாலைக்கு வெளியே வாசிப்பு வகுப்புகள் நடத்தியபோது வந்தவர்கள் நன்றாக முன்னேறினார்கள்; வந்தவர்களோ நூற்றுக்கு 8 பேர். அமெரிக்காவில் ஐந்து நகரப் பகுதிகளின் கோடை வகுப்புகளை ஆராய்ந்த ராண்ட் நிறுவனமும், 20 நாளோ அதற்கு மேலோ வந்தவர்களிடம்தான் கூடிய பலனைக் கண்டது. எங்கள் முகாம் மொத்தமே 15 நாள்.

ஆக, எல்லாம் பிள்ளைகளின் வரவில்தான் நிற்கிறது. அதற்காகவே வகுப்பை மூன்றரைக்குத் தொடங்கி ஐந்துக்கு முடிக்கிறோம். பொழுதுபட்டால் யானைப் பயத்தில் எந்தத் தாயும் பிள்ளையை விடமாட்டா. மாரி மழையில் சில நாட்கள் போய்விடும், அதற்கு வழியில்லை.

எங்கள் அனுபவம் ஒரு ஊர், சின்ன வகுப்புப் பிள்ளைகள், அவ்வளவுதான். சாதாரண தரக் கணிதத்துக்கு இது சரிவருமா என்று நாங்கள் இன்னும் செய்து பார்க்கவில்லை. வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் ஏற்கனவே அக்கறை உள்ளவர்கள் என்பதால் அயல் பிள்ளைகளோடு ஒப்பிடுவதும் முழுச் சரியில்லை.

வரும் வெட்டுக் காலத்தில் தம்பி தங்கையையும் கூட்டிக்கொண்டே வரச் சொல்லியிருக்கிறோம். அவர்களுக்குப் பின்பக்கம் ஒரு பாயும் கொஞ்சம் படப்புத்தகங்களும் போட்டு வைப்போம்.