அணையாத மொனிற்றர்: விண்டோஸைப் புதிதாகப் போடுவதா, அதனிடமே கேட்பதா?

பத்து நிமிடத்தில் அணையவேண்டிய மொனிற்றர் எங்கள் வீட்டில் மூன்று கிழமையாக விடியும்வரை எரிந்தது. "ராத்திரி முழுக்க அறை வெளிச்சமாக் கிடக்குது, கரண்ட் பில் ஆர் கட்டுறது?" என்று அம்மா கேட்ட பிறகுதான் கணக்குப் பார்த்தேன். சுமார் 20 வாற்று இழுக்கும் மொனிற்றர் இரவில் 8 மணித்தியாலம் சும்மா எரிந்தால் மாதத்துக்கு 4.8 அலகு. பெரிய தொகை இல்லைத்தான். ஆனால் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிற முறையில், 60 அலகின் ஓரத்தில் நிற்கிற வீட்டுக்கு இந்த ஐந்து அலகு விலைப்பட்டியலையே மாற்றிவிடும்.

ரவுணில் ஒரு கடையில் கேட்டேன். "விண்டோஸைப் புதுசாப் போட்டுத் தாறன் அண்ணை, எல்லாம் சரிவரும். நாளைக்கு வந்து எடுங்கோ." காசையும் ஒரு நாள் வேலையையும் விடுங்கள், அதிலுள்ள சிக்கல் வேறு. புதிதாகப் போட்டதும் மொனிற்றர் ஒழுங்காக அணையும், உண்மைதான். பிறகு நாம் பழைய மென்பொருட்களை ஒவ்வொன்றாக ஏற்றுவோம், அவற்றில் ஒன்றுதான் குற்றவாளி என்றால் அதையும் நாமே கையால் திரும்பக் கொண்டுவந்து வைப்போம். அதனால் இந்த வழிக்கு என்னிடம் கடைசி இடம்தான்.

மற்ற வழிகளை ஒப்பிடமுதல் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் "மொனிற்றர் அணையுதில்லை" என்று எல்லோரும் ஒரே வாயால் சொன்னாலும் அதற்குள் மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன. திரை அணையவே அணையாதது ஒன்று. அணைந்து, சில விநாடியில் தானாகத் திரும்பி வருவது இன்னொன்று. படம் போய், "சிக்னல் இல்லை" என்ற எழுத்தோ வெறும் மங்கல் வெளிச்சமோ நின்றுவிடுவது மூன்றாவது. முதலாவது பெரும்பாலும் கொம்பியூட்டருக்குள்ளே, மூன்றாவது பெரும்பாலும் மொனிற்றருக்குள்ளே, நடுவில் உள்ளது இரண்டுக்கும் இடைப்பட்ட வயரில். எது என்று பார்க்க இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டாம், திரை அணையும் நேரத்தை 1 நிமிடமாக வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

எல்லோரும் முதலில் போவது செற்றிங்ஸுக்கு. சிஸ்டம், அதற்குள் பவர். திரை அணையும் நேரமும் கொம்பியூட்டர் தூங்கும் நேரமும் அங்கே தனித்தனியாக இருக்கும், பலர் ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை எதிர்பார்ப்பார்கள். மடிக்கணினியில் பற்றரிக்கு ஒன்று, பிளக்குக்கு ஒன்று என்று இன்னும் பிரியும். அங்கே "ஒருபோதும் வேண்டாம்" என்று கிடந்தால் மாற்றுங்கள், வேலை முடிந்தது. நேரம் சரியாகவே இருந்தால் அங்கே நின்று பத்துத் தரம் மாற்றிமாற்றிப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. நான் ஒரு கிழமையை அதிலேதான் தொலைத்தேன்.

எனக்கு வேலை செய்தது கறுப்பு ஜன்னல்தான், அதாவது விண்டோஸுக்குக் கட்டளைகளை எழுத்தில் அடித்துக் கொடுக்கிற கொமாண்ட் ப்ரொம்ப்ட். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் இந்த விஷயத்தில் அதைவிட நேர்மையான இடம் இல்லை. ஸ்டார்ட் மெனுவில் அதைத் தேடி, வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பி-ஓ-டபிள்யூ-ஈ-ஆர்-சி-எஃப்-ஜி என்று ஒரே சொல்லாக அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு (/) போட்டு, அதோடு ஒட்டி ஆங்கிலத்தில் ரிக்குவெஸ்ட்ஸ் என்று அடித்து என்டர். உடனே விண்டோஸ் ஒரு பட்டியல் தரும். ஒரு மென்பொருள் படம் ஓட்டும்போது "நான் சொல்லும்வரை திரையை அணைக்காதே" என்று விண்டோஸிடம் கேட்டு வைக்கும், அந்த வசதி இல்லாவிட்டால் படம் பார்க்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸை ஆட்ட வேண்டிவரும். அப்படிக் கேட்டவர்களின் பெயர்கள்தான் அந்தப் பட்டியலில் வரும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. பட்டியலில் டிஸ்ப்ளே, சிஸ்டம் என்று தனித்தனித் தலைப்புகள் வரும். சிஸ்டம் என்பதன் கீழே ஓடியோ ட்ரைவர் பெயரைக் கண்டதும் அதைக் கழற்றப் போய்விடாதீர்கள். சிஸ்டத்தின் கீழ் இருப்பவர் கொம்பியூட்டர் தூங்குவதைத்தான் தடுக்கிறார், திரையை இல்லை. நமக்கு வேண்டியவர் டிஸ்ப்ளேயின் கீழ் இருப்பவர்.

எங்கள் வீட்டில் அங்கே இருந்தது சிசிரிவி பார்க்கிற மென்பொருள். கேற்றடியில் கமரா பூட்டியபோது வந்தவர் அதைக் கொம்பியூட்டரிலும் ஏற்றி, ஒன் செய்ததும் தானாக ஓடும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது கீழே சுருங்கிக் கிடந்தபடியே திரையைப் பிடித்து வைத்திருந்தது. தானாகத் தொடங்குவதை நிறுத்தினேன், தீர்ந்தது. மூன்று கிழமைக்கு எதிராக மூன்று நிமிடம். கனடாவில் இருந்து வரும் வீடியோ அழைப்பு முடிந்த பிறகும் மூடாத செயலி, பிரவுசரில் ஓடவிட்டு மறந்த நல்லூர்த் திருவிழா நேரலை எல்லாமே இதே வகைதான். அந்த மென்பொருளை ஓடவிட்டபடியே அதன் கோரிக்கையை மட்டும் புறக்கணிக்கச் சொல்லவும் இதே பவர்சிஎஃப்ஜியில் ஒரு கட்டளை உண்டு, ஆனால் பிரவுசருக்கு அதைப் போட்டீர்கள் என்றால் அடுத்த படம் பாதியில் இருண்டுவிடும். பிறகு என்னைத் திட்டக்கூடாது.

இந்த வழிக்கு ஒரு குருட்டுப் பக்கமும் உண்டு. பட்டியல் முழுக்க "ஒன்றுமில்லை" என்று வந்தும் திரை எரிந்தால், கேட்டு வைத்தது யாருமில்லை, யாரோ தொட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று அர்த்தம். மவுஸ் ஒரு நூலளவு அசைந்தாலும் விண்டோஸ் நேரத்தைத் திரும்பப் பூச்சியத்தில் இருந்து எண்ணும், ஆனால் அது இந்தப் பட்டியலில் வராது. கண்ணாடி மேசையில் வைத்த மவுஸின் சுட்டி தானாகத் துடிக்கும். மருமகன் விடுமுறைக்கு வந்து செருகிவிட்டுப் போன கேம் கொன்ரோலரின் தேய்ந்த குச்சி நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். இதற்கு ஒரே சோதனை கழற்றிப் பார்ப்பதுதான். யூஎஸ்பியில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒவ்வொரு நிமிடம் காத்திருக்க வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் செலவில்லை. மவுஸைக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கழற்றுவதுதான் நிச்சயம்.

இரண்டாவது நோய்க்கு மேலே சொன்னவை பெரிதாக உதவாது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் நண்பனின் மொனிற்றர் அணைந்து நாலு விநாடியில் திரும்ப வந்துகொண்டிருந்தது. சிக்னல் நின்றதும் அந்த மொனிற்றர் வேறு எந்த வயரிலாவது படம் வருகிறதா என்று தானாகத் தேடும். அந்தத் தேடலில் டிஸ்ப்ளே போர்ட் வயர் கழன்று பூட்டியதுபோல கொம்பியூட்டருக்குத் தெரிய, புதிய மொனிற்றர் வந்துவிட்டது என்று அது திரும்பத் திரையை எழுப்பும். மொனிற்றரின் சொந்தப் பட்டன்களை அழுத்தி, மெனுவில் இன்புட்டைத் தானாகத் தேடுவதை நிறுத்தி, எந்த வயர் என்று நேராகச் சொல்லிவைத்ததும் அடங்கியது. அதிலும் அடங்காவிட்டால் எச்டிஎம்ஐ வயருக்கு மாறிப் பார்க்கலாம்.

மூன்றாவது நோயும் அந்த மெனுவுக்குள்தான், மின் சேமிப்பு என்ற இடத்தைப் பாருங்கள். கொம்பியூட்டர் சிக்னலை நிறுத்தினால் மொனிற்றர் புரிந்துகொண்டு படுக்க வேண்டும் என்ற முறையை, மொனிற்றர்களுக்கான தரங்களை வகுக்கிற வேசா அமைப்பு 1993இல் வகுத்தது, எனவே இது புதுமையான வசதி ஒன்றும் இல்லை.

ஸ்கிரீன் சேவர் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அதில் மின்சாரம் மிச்சமாகாது. கறுப்புப் படம் காட்டினாலும் சாதாரண எல்சிடியின் பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். பழைய பெட்டி மொனிற்றர்களில் ஒரே படம் நின்று தழும்பு விழாமல் இருக்க வந்த விஷயம் அது. முழுத் தூக்கத்துக்கு விடுவது அதைவிட நல்லது, ஆனால் யூபிஎஸ் இல்லாத வீட்டில், தூங்கமுதல் வேலையை டிஸ்க்கிலும் எழுதிவைக்கிற ஹைபிரிட் ஸ்லீப்பும் போடாமல், தூக்கத்தில் இருக்கும்போது கரண்ட் நின்றால் சேமிக்காத வேலை போய்விடும். இங்கே கரண்ட் எங்களைக் கேட்டுவிட்டு நிற்பதில்லை.

காரணத்தைத் தேடவே நேரமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி. கொன்ட்ரோல் பனலில் பவர் பட்டனை அழுத்தினால் என்ன செய்யவேண்டும் என்று கேட்கும் இடத்தில், திரையை மட்டும் அணைக்கும் தெரிவு இருக்கிறது. அதை வைத்துவிட்டால் சிபியுவின் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் மொனிற்றர் மட்டும் படுக்கும், தரவிறக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் சுட்டி துடிக்கிற மவுஸ் இருந்தால் உடனே எழும்பிவிடும், அதனால் அந்த நோய்க்கு இது மருந்தில்லை. அம்மாவுக்கு நான் காட்டிக் கொடுத்தது இதைத்தான். முதல் நாள் அவர் கோலிங் பெல்லை அழுத்துகிற மாதிரி நீட்டி அழுத்திப் பிடித்து முழுக் கொம்பியூட்டரையும் நிறுத்திவிட்டார். தட்டிவிட்டுக் கையை எடுக்க வேண்டும்.