முதல் கட்டுரை நீக்கப்படும்போது: எழுத வருவோர் பக்கம் நின்று தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஒரு மதிப்புரை

மதுரை புதுநத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சனிக்கிழமைதோறும் கல்லூரி மாணவர்கள் சிலரோடு அமர்ந்து, தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதும் முறையைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சென்ற மாதம் புதிதாக வந்த மேலூர்ப் பக்கத்து மாணவி ஒருவர், பயனர் கணக்கே தொடங்காத நிலையில், "எங்க ஊர்க் கண்மாயைப் பத்தி எழுதினா நீக்கிடுவாங்களாமே, ஐயா?" என்று கேட்டார். ஒரு வரிகூட எழுதாதவருக்கு நீக்கலைப் பற்றிய அச்சம் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதுமானதாகத் தோன்றவில்லை. அதனால்தான் இந்த மதிப்புரை.

2003 செப்டம்பரில் தொடங்கி, 2017இல் ஓர் இலட்சம் கட்டுரைகளைத் தொட்டு, முழுக்க முழுக்கத் தன்னார்வலர்களால் வளர்ந்து நிற்கும் இந்தக் கலைக்களஞ்சியத்துக்குப் படிப்பவன் என்ற முறையில் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுப்பேன். புதிதாக எழுத வருபவர் இடத்தில் இருந்து பார்த்தால் மூன்றுதான் கொடுக்க முடியும். குறைத்த இரண்டும் நீக்குகிறார்கள் என்பதற்காக அல்ல, அந்த நீக்கல் புதியவரிடம் வந்து சேரும் விதத்துக்காக.

நீக்கல் தேவையா என்ற கேள்வியில் எனக்கு ஐயமே இல்லை. மாசி வீதியில் திறந்த துணிக்கடையின் விளம்பரத்தையும், நாளிதழிலிருந்து எழுத்துக்கு எழுத்து படியெடுத்த செய்தியையும், ஒருவர் தம்மைப் பற்றித் தாமே எழுதிக்கொண்ட புகழுரையையும் அப்படியே விட்டுவைத்தால், கலைக்களஞ்சியத்தை நம்பி வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் செய்வது துரோகம். பதிப்புரிமை மீறலைப் பொறுத்தவரை தயவு காட்டவும் இடமில்லை. விக்கிப்பீடியாவின் உரையை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று கிரியேட்டிவ் காமன்சு உரிமம் உறுதி தருகிறது. பிறர் எழுத்தை வைத்துக்கொண்டு அந்த உறுதியைத் தர முடியாது.

ஆங்கில விக்கிப்பீடியாவில் நீக்கலுக்கு மூன்று வழிகள் உண்டு. வெளிப்படையான விளம்பரம், பதிப்புரிமை மீறல் போன்றவற்றை, பக்கங்களை நீக்கும் உரிமை பெற்ற பங்களிப்பாளரான நிருவாகி ஒருவர் உரையாடல் இன்றியே விரைவாக நீக்கலாம். ஐயத்துக்குரிய பக்கத்தில் முன்மொழிவு ஒன்றை இட்டு, ஏழு நாளில் யாரும் மறுக்காவிட்டால் நீக்கலாம். கருத்து வேறுபாடு இருக்குமானால் ஏழு நாள் பொது உரையாடல் நடக்கும். 2018 முதல் அங்கே நான்கு நாள் பழமையும் பத்துத் திருத்தங்களும் உள்ள கணக்கு இருந்தால்தான் நேரடியாகக் கட்டுரை தொடங்க முடியும். மற்றவர்கள் வரைவாக எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். தமிழில் பங்களிப்போர் தொகை அதில் மிகச் சிறு பங்குதான் என்பதால், பக்கத்தின் தலையில் நீக்கல் வார்ப்புரு (ஆயத்தமாக வைத்திருக்கும் அறிவிப்பு) இட்டு, கட்டுரையோடு சேர்ந்த பேச்சுப் பக்கத்தில் இரண்டொருவர் கருத்துச் சொல்வதே பெரும்பாலும் முழு விசாரணையாக அமைகிறது.

அந்த மாணவியின் கண்மாய்க்கு வருகிறேன். விதிகளின் சொல்லில் கேட்டால், அக்கண்மாய்க்குக் 'குறிப்பிடத்தக்கமை' உண்டா என்பதே கேள்வி. ஒரு பொருளோடு தொடர்பில்லாத, நம்பத்தக்க வெளியீடுகள் அதைப் பற்றி ஓரளவு விரிவாக எழுதியிருக்க வேண்டும் என்பது அதன் பொருள். மேலூர் வட்டாரத்தில் அறுவடை முடிந்து நீர் வற்றும் காலத்தில் ஊர்கூடி ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையோடு இறங்கும் மீன்பிடித் திருவிழாவை நாளிதழ்கள் ஆண்டுதோறும் படத்தோடு வெளியிடுகின்றன. ஆனால், ஒரு பத்திச் செய்தியில் அந்தக் கண்மாயை வெட்டியவர் யார், எத்தனை மடைகள், மிகைநீர் வழியும் கலுங்கு எந்தப் பக்கம், எவ்வளவு நிலம் பாய்கிறது என்பது எதுவும் இருப்பதில்லை. ஆங்கிலேய அதிகாரிகளான நெல்சன் 1868இலும் பிரான்சிசு 1906இலும் எழுதிய மதுரை மாவட்ட நூல்களில் பாசனத்தைப் பற்றிய விவரங்கள் உண்டு. ஒவ்வொரு சிற்றூரின் கண்மாயையும் அவற்றில் தேடுவது வீண். மடைக்கல்லில் எழுத்து பொறித்திருந்தால் அதைத் தாமே படித்துப் பொருள் சொல்லி எழுதுவது 'சொந்த ஆய்வு' ஆகிவிடும். அதற்கும் அங்கே இடமில்லை.

இதே வட்டாரத்தில் அரிட்டாபட்டியை நினைத்துப் பாருங்கள். மலைக்குன்றுகளும், சுனைகளும், ஆனைகொண்டான் கண்மாயும், வல்லூறுகளும் அங்கே காலங்காலமாக இருந்தவைதான். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த பிறகும், பின்னர் எழுந்த டங்சுடன் சுரங்க எதிர்ப்பின்போதும்தான் அவ்வூரைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சான்றுகள் பெருகின. அதாவது, ஊரின் மதிப்பு அன்றும் இன்றும் ஒன்றுதான். எழுதப்பட்ட சான்று மட்டும் பின்னால் வந்தது. குறிப்பிடத்தக்கமை என்ற சொல்லை ஒரு புதியவர் "உன் ஊருக்கு மதிப்பில்லை" என்ற தீர்ப்பாகவே படிக்கிறார். "இதைப் பற்றி அச்சில் வந்த சான்று இன்னும் போதவில்லை" என்பதே அதன் உண்மையான பொருள். அந்த வார்ப்புருவின் சொற்களை யாராவது உட்கார்ந்து திருத்தினால் அதுவே பெரிய தொண்டு.

இந்த விதி சிற்றூர்களை மட்டும் தடுப்பதில்லை. கனடா இயற்பியலாளர் டோனா சிட்ரிக்லாண்டு பற்றிய ஆங்கில வரைவு ஒன்று, போதிய சுதந்திரமான சான்றுகள் இல்லை என்று 2018 மே மாதம் திருப்பியனுப்பப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரில் கட்டுரையே இல்லை. திருப்பியனுப்பியவர் விதியை மீறவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வரைவில் இருந்த மேற்கோள்கள் சிட்ரிக்லாண்டோடு தொடர்புடைய அமைப்புகளுடையவை. விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒருவரும், நல்லெண்ணத்தோடு எழுதிய ஒருவரும், இடையில் தேடிப் பார்க்க யாருமில்லாத காரணத்தால் தவறவிட்ட கட்டுரை அது.

ஆரன் ஹாஃப்பேக்கரும் உடனாய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007க்குப் பிறகு பங்களிப்பாளர் எண்ணிக்கை சரிந்த காரணத்தை ஆராய்ந்தது. புதிதாக வந்தவர்களின் தரம் குறைந்துவிடவில்லை. நல்லெண்ணத்தோடு வந்தவர்களின் பங்களிப்பும் மேலும் மேலும் தள்ளப்பட்டதும், ஆள் பேச வேண்டிய இடத்தில் கருவிகள் அனுப்பிய எச்சரிக்கைகள் வந்து நின்றதும் அவர்களை விரட்டின என்பது அதன் முடிவு. என் கவலையின் மையமும் இதுவே. தமிழில் கணக்குத் தொடங்கியவுடன் 'வாருங்கள்' என்று ஒரு வரவேற்புச் செய்தி தானாகவே வந்து சேர்கிறது. அடுத்து வரும் செய்தி நீக்கல் அறிவிப்பாக இருந்தால், அதுவும் வார்ப்புருவாகவே வருகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதர்கூட அவரோடு பேசியிருக்க மாட்டார். விருந்தாளியைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு உள்ளேயிருந்து யாரும் எட்டிப் பாராத வீடு எத்தனை நல்ல வீடாக இருந்தாலும், மறுமுறை அவர் அந்தத் தெருவுக்கு வருவாரா?

ஆங்கிலத்தில் இதை உணர்ந்து 2012இல் புதியவர்கள் கேள்வி கேட்பதற்கென்றே தேநீரகம் போன்ற ஓர் இடத்தை உண்டாக்கினார்கள். தமிழில் அதற்கு நிகராக 'ஒத்தாசைப் பக்கம்' உண்டு. பொது உரையாடலுக்கு 'ஆலமரத்தடி' உண்டு. பெயரிலேயே ஊர் மணக்கும் இந்த இரண்டு இடங்களும் தமிழ் விக்கிப்பீடியாவின் மிகச் சிறந்த பகுதிகள் என்பது என் கருத்து. 2009 வாக்கில் கூகுள் நிறுவனம் கூலி கொடுத்து மொழிபெயர்ப்பித்த கட்டுரைகள் தமிழில் வந்து குவிந்தபோது, அவற்றின் நடையும் தரமும் பெரும் சிக்கலாயின. தமிழ் விக்கிப்பீடியர்கள் அந்நிறுவனத்தோடு பேசி, குறைகளை எடுத்துச் சொல்லி, திருத்தங்களைக் கேட்டார்கள்; 2010இல் போலந்தின் கிதான்சுக்கு நகரில் நடந்த, விக்கிப்பீடியர்களின் உலக மாநாடான விக்கிமேனியாவிலும் அதைப் பற்றி உரை நிகழ்த்தினார்கள். ஒரு பெருநிறுவனத்தோடு அத்தனை பொறுமையாகப் பேசத் தெரிந்த சமூகம், மேலூரிலிருந்து வரும் ஒரு மாணவியோடு பேசாமல் இருக்கக் காரணமே இல்லை. சிறிய சமூகம் என்பது இந்த ஓரிடத்தில் குறை ஆகாது. நாளுக்கு வரும் புதுக் கட்டுரைகளுக்கு இரண்டு வரி சொந்தக் கையால் எழுதுவது ஆங்கிலத்தில் நடக்காத காரியம், தமிழில் நடக்கும்.

நீக்கப்பட்ட பக்கம் அழிந்துவிடுவதில்லை என்பதையும் புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அது பொதுப் பார்வையிலிருந்து மறைக்கப்படுகிறது. நிருவாகிகள் அதைப் பார்க்கலாம், மீட்கலாம். யார், எப்போது, என்ன காரணத்தால் நீக்கினார் என்பது பதிவில் ஒரு வரியாக இருக்கும். நீக்கியவரின் பேச்சுப் பக்கத்தில் பணிவாகக் கேட்டால், பதிப்புரிமைச் சிக்கல் இல்லாத உரையை, எழுதியவரின் கணக்குக்கு உரிய பக்கங்களான பயனர் வெளிக்கு மீட்டுத் தரும் வழக்கம் உண்டு. ஆனாலும் எழுதியவருக்குத் தம் எழுத்து கண்ணில் படாது என்பதால், முதல் கட்டுரையை எழுதிப் பழகும் இடமான மணல்தொட்டியில் எழுதி, தம் கணினியிலும் ஒரு படி வைத்துக்கொள்ளும்படி எங்கள் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். முதல் நாளே புதுக் கட்டுரை வேண்டாம் என்பதும் என் ஆலோசனை. இருக்கும் கட்டுரையில் ஒரு மேற்கோள், பிறகு ஒரு பத்தி, கண்மாய்க் கரையிலிருந்து எடுத்த படத்தை விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் பதிவேற்றுவது என்று பத்துப் பதினைந்து திருத்தங்கள் செய்தவரின் பெயர் மற்றவர்களுக்குப் பழகிவிடும். பழகிய பெயரின் கட்டுரையில் குறை கண்டால் நீக்குவதற்கு முன் கேட்கிறார்கள். இது நியாயமான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். புதியவர் பாதுகாப்பாக நுழைய இன்றைக்கு இருக்கும் வழி இது.

அதன்படியே அந்த மாணவி தம் கிராமத்தைப் பற்றிய கட்டுரையில் பாசனம் என்ற உட்தலைப்பைத் தொடங்கி, மீன்பிடித் திருவிழாச் செய்தியை மேற்கோளாகக் காட்டி நான்கு வரி எழுதியிருக்கிறார். நீர்வளத்துறையின் கண்மாய்ப் பட்டியலில் பரப்பளவு கிடைத்தால் ஐந்தாவது வரி சேரும்.

சென்ற வாரம் அவர் ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். கண்மாய் நீரை முறைவைத்துப் பாய்ச்சும் நீர்க்கட்டியாக ஊரில் இருந்த முதியவர் ஒருவர், எந்த மடையை எப்போது திறப்பது, கடைமடைக்காரருக்கு முறை எப்படி வரும், மடையைக் காக்கும் தெய்வமான மடைக்கருப்புக்கு எந்த நாளில் பொங்கல் வைப்பது என்று சொன்னதையெல்லாம் ஒன்பது பக்கங்களில் எழுதியிருந்தார். வாய்மொழிச் சான்றை மேற்கோளாக ஏற்க முடியுமா என்று 2011இல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆதரவோடு மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செப்பெடி ஆகிய மொழிகளில் ஒரு முயற்சி நடந்தது. பொதுவிதியாக அது நிலைபெறவில்லை. ஆகவே அந்த ஒன்பது பக்கங்களுக்கு இன்றைய விதிப்படி கலைக்களஞ்சியத்தில் இடமில்லை. உள்ளூர் இதழ் ஒன்று அதைக் கட்டுரையாக வெளியிட்டால், அதன்பின் அதை மேற்கோளாகக் காட்டலாம் என்று சொன்னேன். எந்த இதழுக்கு அனுப்புவது என்று வரும் சனிக்கிழமை உட்கார்ந்து பார்க்கப் போகிறோம்.