கார் சப்வூஃபர் 1 ஓமா, 2 ஓமா? ஒரே ஆம்பில் இரண்டையும் ஓட்டிப் பார்த்த அனுபவம்

போன சித்திரையில் தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில், தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று கவிழ்ந்து ஒன்றரை மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்றோம். ஏசி ஓடியது, பாட்டும் ஓடியது. பேஸ் விழும்போதெல்லாம் டேஷ்போர்டு விளக்கு மங்கி மங்கி எரிந்தது, கொஞ்ச நேரத்தில் ஆம்பில் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) தன்னைக் காத்துக்கொள்ளும் புரொடெக்ட் விளக்கு வந்து சப்வூஃபர் (பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) அடங்கிவிட்டது. தொட்டுப் பார்த்தால் ஆம்ப் மேல் கை வைக்க முடியவில்லை. அப்போது என் காரில் இருந்தது 12 அங்குல டூயல் 2 ஓம் சப் (உள்ளே இரண்டு வாய்ஸ் காயில், அதாவது கம்பிச் சுருள், ஒவ்வொன்றும் 2 ஓம்; ஓம் என்பது கரண்டைத் தடுக்கும் அளவு), 1 ஓமுக்கு வயரிங் செய்தது. இப்போது இருப்பது அதே மாடலின் டூயல் 4 ஓம், 2 ஓமுக்கு வயரிங் செய்தது. ஆம்பும் சப் இருக்கும் பெட்டியும் அதேதான். மற்றவர்களுக்கும் 2 ஓம்தான் சரி என்று நான் சொல்வேன், ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. இரண்டு வாய்ஸ் காயிலையும் பேரலலில் (பக்கம் பக்கமாக) இணைத்தால் ஓம் பாதியாகும், சீரீஸில் (ஒன்றன் பின் ஒன்றாக) இணைத்தால் இரட்டிப்பாகும். அதனால் டூயல் 2 ஓம் சப் ஒன்றை 1 ஓமாகவோ 4 ஓமாகவோ மட்டும்தான் ஓட்டலாம். டூயல் 4 ஓம் என்றால் 2 அல்லது 8. டூயல் 2 ஓம் வாங்கிவிட்டு ஒற்றை சப்பில் 2 ஓம் வேண்டுமென்றால் வழியே கிடையாது. அதனால் முடிவை வயரிங் செய்யும் அன்றைக்கு எடுக்க முடியாது, சப் வாங்கும்போதே எடுத்தாக வேண்டும். எனக்கு இது தெரியாமல் போனது. "தம்பி, 1 ஓம்ல போட்டாதான் ஆம்ப் முழு வாட்ஸ் கொடுக்கும்" என்று கடையில் சொன்னார்கள், நானும் சரி என்று எடுத்துக்கொண்டேன். அவர்கள் சொன்னது பொய்யில்லை. என் மோனோபிளாக் (ஒரே சேனல் உள்ள ஆம்ப்) 4 ஓமில் 300, 2 ஓமில் 500, 1 ஓமில் 800 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய அளவு) தரும். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் மேக்ஸ் வாட்ஸை விட்டுவிடுங்கள், ஆர்எம்எஸ் மட்டும் பாருங்கள்.

இப்போது அந்த 800-க்கும் 500-க்கும் காதில் எவ்வளவு வித்தியாசம்? 2 டெசிபெல். அதுவும் சப் 800-ஐ முழுதாக வாங்கினால்தான். என் சப் 600 ஆர்எம்எஸ்தான் தாங்கும், அதனால் எப்படியும் ஆம்பின் கெயினை (சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற திருகு) குறைத்துத்தான் ஆக வேண்டும். 600-க்கும் 500-க்கும் வித்தியாசம் 1 டெசிபெல்கூட இல்லை. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால்கூட கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஆனால் கரண்ட் கணக்கு அப்படி இல்லை. ஓம் குறையக் குறைய ஆம்புக்குள் ஓடும் கரண்ட் ஏறும், அதோடு சூடும் ஏறும், வாங்கும் கரண்டில் சப்புக்குப் போகாமல் வீணாகும் பங்கும் கூடும். கிளாஸ் டி ஆம்ப் (கரண்டைக் குறைவாக வீணாக்கும் வகை) 2 ஓமில் 80 சதவீதம் திறனோடு ஓடுகிறது என்று வைத்தால், 500 வாட்ஸ் தர பேட்டரி பக்கமிருந்து 625 வாட்ஸ் இழுக்கும், 13.5 வோல்ட்டில் சுமார் 46 ஆம்பியர். 1 ஓமில் திறன் 70 சதவீதமாக இறங்குகிறது என்று வைத்து 800 வாட்ஸுக்குக் கணக்குப் போட்டால் 85 ஆம்பியர் வருகிறது. இது உச்சக் கணக்கு, பாட்டில் சராசரி இதைவிடக் குறைவுதான், ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் அந்த உச்சத்தைத் தொட்டுத் திரும்பும். சின்ன கார்களின் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுற்றும்போது கரண்ட் தயாரிப்பது) பலவற்றில் மொத்தமே 70, 80 ஆம்பியர்தான், அதுவும் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது. நின்ற இடத்தில் ஐடிலில் அதில் பாதியளவுகூட வராமல் போகலாம். அதிலிருந்துதான் ஏசி பிளோவர், ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட் எல்லாம் போக வேண்டும். கிருஷ்ணகிரிக்கு ஹைவேயில் போகும்போது ஒரு நாளும் வராத தொந்தரவு தொப்பூரில் நின்றபோது வந்ததற்குக் காரணம் இதுதான். மிச்சத்தை பேட்டரி கொடுக்கிறது, வோல்ட் இறங்குகிறது, வோல்ட் இறங்கினால் ஆம்ப் கிளிப் ஆகிறது (ஒலி அலையின் உச்சி வெட்டுப்படுகிறது), அந்தக் கிளிப்தான் வாய்ஸ் காயிலைச் சுடுகிறது.

இதற்கு ஒரு ஃபேரட் அளவு கெப்பாசிட்டர் (கரண்டைச் சேர்த்து வைத்துச் சட்டென்று தருவது) போட்டால் சரியாகிவிடும் என்று விற்பார்கள். 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்குவதற்குள் அது தரும் சக்தி 26 ஜூல், அதாவது 500 வாட்ஸுக்கு இருபதில் ஒரு நொடி. அந்தப் பணத்துக்கு நல்ல காப்பர் கேபிள் வாங்குங்கள்.

கேபிள் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். ஆம்ப் வயரிங் கிட்டில் வருவது பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் காப்பர் பூசியது, அதே தடிமனில் சுத்த காப்பரின் மூன்றில் இரண்டு பங்குகூட கடத்தாது. கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். 8 கேஜ் (கேஜ் எண் குறைந்தால் கேபிள் தடிமன் கூடும்) சுத்த காப்பர் ஐந்து மீட்டரில் 50 ஆம்பியருக்கே அரை வோல்ட் போய்விடும், 4 கேஜ் என்றால் 0.2 வோல்ட்தான். 1 ஓமில் ஓட்டுவதென்றால் இன்னும் தடியாகப் போக வேண்டும், செலவு ஏறும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில், பாடியில் நேராக போல்ட் போடுங்கள்.

1 ஓம் யாருக்குச் சரி? பெரிய ஆல்டர்னேட்டர் உள்ள வண்டி, டிக்கியில் இன்னொரு பேட்டரி வைப்பவர்கள், சத்தப் போட்டிக்குப் போகிறவர்கள். ஆம்பில் 1 ஓம் ஸ்டேபிள் (1 ஓமிலும் தாங்கும்) என்று போட்டிருந்தால் ஓட்டலாம், உடனே ஒன்றும் ஆகிவிடாது. பெட்டிக்குள் போன பிறகு பல அலைவரிசைகளில் ஓம் தானாகவே ஏறும் என்பதும் உண்மை. இரண்டு சப் வைத்து நான் ஓட்டியதில்லை, போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டியிலும் எனக்கு அனுபவம் குறைவு, அதனால் அங்கே என் பேச்சைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி, 4 சேனல் ஆம்பில் இரண்டு சேனலை பிரிட்ஜ் செய்வது, அதாவது இரண்டையும் சேர்த்து ஒரே சப்பை ஓட்டுவது. பாலக்கோட்டில் மச்சான் காரில் அப்படித்தான், சிங்கிள் 4 ஓம் சப், மிச்ச இரண்டு சேனலில் முன் கதவு ஸ்பீக்கர். வீட்டுப் பாட்டுக்குத் தாராளம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலும் பாதி ஓமைத்தான் பார்க்கும். அதில் 2 ஓம் சப்பை மாட்டினால் சேனலுக்கு 1 ஓம், பெரும்பாலான 4 சேனல் ஆம்ப் அதைத் தாங்காது.

பழைய சப்பைக் கிருஷ்ணகிரியில் ஒரு தம்பி பாதி விலைக்கு எடுத்துக்கொண்டான். அவனிடம் இருப்பதும் 1 ஓம் ஆம்ப்தான், ஆனால் சப்பைச் சீரீஸில் போட்டு 4 ஓமில் ஓட்டச் சொல்லியிருக்கிறேன். என் வண்டியில் கெயினை மல்டிமீட்டர் வைத்து நானே செட் செய்தேன்: சப் வயரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, வெளியே 31.6 வோல்ட் ஏசி வந்ததும் நிறுத்தினேன், 500-ஐ 2-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது அதுதான். லோ பாஸ் (பேஸை மட்டும் விடும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸில். இந்த வெயிலில் சேலம் மூன்று தடவை போய் வந்தாயிற்று, ஆம்ப் வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை.