பி-மதிப்பா, நம்பிக்கை இடைவெளியா, பேய்ஸ் காரணியா?

ஆய்வு முடிவை எழுத இந்த மூன்றில் எதை முதலில் வைப்பது? ஒரு நாணயம் நேர்மையானதா, அதாவது தலைக்கும் பூவுக்கும் சம வாய்ப்பா என்று பார்க்க, 20 முறை சுண்டுகிறோம், 13 தலை விழுகிறது. பி-மதிப்பு, அதாவது நேர்மையான நாணயத்திலும் இவ்வளவோ இதற்கு மேலோ விலகல் வரும் வாய்ப்பு, சுமார் 0.26. இன்னொன்றை 10,000 முறை சுண்டினால் 5,100 தலை. இதற்குச் சுமார் 0.046. பி-மதிப்பு 0.05-க்குக் கீழே போனால் நாணயத்தைச் சந்தேகிப்பது என்ற வழக்கமான கோட்டை வைத்துப் பார்த்தால் முதல் நாணயம் தப்பிக்கிறது, இரண்டாவது மாட்டிக்கொள்கிறது. பலரும் இதோடு முடிவை எழுதிவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

அதே தரவுக்கு 95% நம்பிக்கை இடைவெளியை, அதாவது தரவோடு ஒத்துப்போகும் தலை வாய்ப்புகளின் வரம்பை, போட்டுப் பாருங்கள். முதல் நாணயத்துக்கு ஏறக்குறைய 41% முதல் 85% வரை. அது நேர்மையான நாணயம் என்று எப்படிச் சொல்வது? படுமோசமாகக் கோணியும் இருக்கலாம். தரவு போதவில்லை, அவ்வளவுதான். இரண்டாவதற்கு 50.02% முதல் 51.98% வரை. கோணல் இருந்தாலும் மிகச் சிறியது. பி-மதிப்பு இந்த அளவைக் காட்டுவதே இல்லை. நாணயம் நேர்மையானது என்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதற்கு மேலோ விலகல் வர எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. நாணயம் நேர்மையாக இருக்க 4.6% வாய்ப்பு என்று அதைப் படிப்பது தவறு. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் இதை அறிக்கையாகவே வெளியிட்டது.

இடைவெளியிலும் ஒரு கண்ணி உண்டு. 50% உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், பழைய பி-மதிப்புக்கே வேறு சட்டை மாட்டியதாகிவிடும்.

சரி, பேய்ஸ் காரணி? இரண்டு கருதுகோள்களில் தரவு எதற்கு எவ்வளவு ஆதரவு என்று இந்த மூன்றில் நேராகச் சொல்வது இது ஒன்றுதான். ஆனால் நாணயம் நேர்மையானதல்ல என்ற எதிர்க் கருதுகோளை நாம்தான் வரையறுக்க வேண்டும். தலை விழும் வாய்ப்பு 0 முதல் 1 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று வைத்தால், அந்த 5,100 தலை, நேர்மையான நாணயத்துக்குச் சுமார் 11 மடங்கு ஆதரவு தருகிறது. பி-மதிப்பு சொன்னதற்கு நேர் எதிர்! 0.45 முதல் 0.55 வரை என்று சுருக்கினால் ஆதரவு கிட்டத்தட்டச் சமம். ஆகவே இப்படி முன்கூட்டியே வைக்கும் வரம்பை, அதாவது முன்னனுமானத்தை, மாற்றி இரண்டு மூன்று கணக்குகளையாவது காட்டாத பேய்ஸ் முடிவை நான் ஏற்கமாட்டேன்.

ஆய்வு முடிவை எழுத இடைவெளியைத்தான் முதலில் வைப்பேன். பி-மதிப்பைத் தூக்கி எறியவும் வேண்டாம். ஒரே மாதிரி ஏற்பு-நிராகரிப்பு முடிவைத் திரும்பத் திரும்ப எடுக்கும் தரப் பரிசோதனை போன்ற இடங்களில், பிழை வீதத்தைக் கட்டுக்குள் வைக்க அது நன்றாக உதவுகிறது. 0.05 போன்ற அந்த எல்லைக் கோட்டை மட்டும் தரவைப் பார்ப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.