மெஷினுக்கு ஐந்துக்கு ஐந்து, கவுண்டருக்கு இரண்டு

அம்மாவுக்குக் கழுத்தில் நெறி கட்டி இரண்டு மாதமாகியும் வற்றவில்லை. கொழுந்துக்கூடைக் கயிறு இழுத்ததுதான் காரணம் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். அல்ட்ராசவுண்டில் மேலே இருந்தது தெரிந்தது, ஆழத்தில் இருப்பதைப் பார்க்க எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் படம் பிடிக்கும் ஸ்கேன்) எடுங்கள் என்று டொக்டர் எழுதிக்கொடுக்க, ஹட்டனில் முதல் பஸ் ஏறி கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து கண்டிக்குப் போனோம்.

நிலையத்தின் பெயர் வேண்டாம். மெஷின் 3 டெஸ்லா; டெஸ்லா என்பது காந்த வலுவின் அளவு. வழக்கமான 1.5 டெஸ்லாவைவிட சிக்னல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால் இன்னும் மெல்லிய துண்டுகளாகப் படம் எடுக்க முடிகிறது. பிறகு டொக்டர் திரையில் காட்டினார்: அவரை விதை போல நிணநீர்க் கணு (நெறி என்று நாங்கள் சொல்வது), அதன் நடுப்பள்ளத்தில் கொழுப்பு. அந்தக் கொழுப்பு அழியாமல் இருப்பது நல்ல அடையாளமாம். குறுக்களவு 10 மில்லிமீட்டருக்கு மேல் போனால்தான் பொதுவாகச் சந்தேகப்படுவார்கள், அம்மாவுடையது 7. ஆனால் அளவை மட்டும் நம்பக் கூடாது, சின்னக் கணுவிலும் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம், வெறும் கிருமித் தொற்றிலும் கணு பெருக்கலாம் என்றார். அம்மாவுக்குச் சொத்தைப் பல் இருக்கிறது, முதலில் அதைப் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்.

சரி, கவுண்டர். பேஸ்மேக்கர் உண்டா, உடம்பில் இரும்புத்துண்டு உண்டா என்று கேட்கும் படிவம் சிங்களத்திலும் இங்கிலிஷிலும் மட்டும். நான் கூட இருந்தேன், வாசித்துச் சொன்னேன். தோட்டத்து லயத்திலிருந்து தனியாக வருகிறவர் என்ன செய்வார்? காட்டுகிற இடத்தில் கையெழுத்து வைப்பார். காந்தம் எந்நேரமும் இழுத்துக்கொண்டே இருக்கும் அறைக்குள் அனுப்புகிற படிவம் அது. படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து ஊசிக்குத் தனிக் காசு என்பதையும் போனில் சொல்லவில்லை; அந்த ஊசிக்கு முன் பார்க்கும் சிறுநீரக இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நாங்களாகக் கொண்டுபோனதால் தப்பித்தோம்.

தாலியைக் கழற்றச் சொன்னதும் அம்மா கதிரையை விட்டு எழும்பவே இல்லை. உள்ளே இருந்த தமிழ் நேர்ஸ் தங்கச்சிதான், "அம்மா, மஞ்சள் கயிறு கட்டிக்கிட்டு வாங்க, ஒன்னும் செய்யாது" என்றார். நான் மழையில் கடைத்தெருவுக்கு ஓடினேன். போகிறவர்கள் மஞ்சள் துண்டும் கயிறும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். கழுத்து ஸ்கேனில் எச்சில் விழுங்கினால் படம் கலங்கும், அதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அம்மாவுக்கு ஒரு வரிசைப் படங்களை இரண்டாம் தரம் எடுத்தார்கள்.