காலேஜ் உதவித்தொகை "மதிப்பீடு" செய்து தருகிறோம் என்பவர்களிடம் உஷார்

நியூ ஜெர்சியில் பத்தாவது, பதினோராவது படிக்கும் பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஓட்டல் ஹாலில் இலவச செமினார், சமோசா, டீ, மேடையில் தமிழில் பேசும் ஒருவர். "உங்க வருமானத்துக்கு எய்டு வராதுன்னு யார் சொன்னது?" என்றுதான் ஆரம்பிப்பார்.

2023 கோடையில் அப்படிப்பட்ட ஒருவர் எங்களிடம் 3,200 டாலர் கட்டணம் வாங்கினார். இரண்டு பேர் சம்பளத்தையும் கேட்டுவிட்டு, மகளுக்கு வருடம் 28,000 டாலர் கிராண்ட் (திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம்) வரும் என்று அச்சடித்த தாளே கொடுத்தார். ஒரே நிபந்தனை: மியூச்சுவல் ஃபண்டில் இருந்த 1 லட்சத்து 20 ஆயிரம் டாலரை விற்று ஆன்யூட்டியில் (இன்சூரன்ஸ் கம்பெனி விற்கும் ஓய்வூதியச் சேமிப்புத் திட்டம்) போட வேண்டும். ஃபாஃப்ஸாவில் (காலேஜ் உதவிக்கான அரசு விண்ணப்பம்) ஆன்யூட்டி சொத்தாகக் கணக்கில் வராது. அது உண்மைதான். உண்மையை வைத்துத்தான் வலையே விரிக்கிறார்கள்.

அவர் சொல்லாததைக் கேளுங்கள். பெற்றோரின் சொத்தில், குடும்பம் கட்ட வேண்டிய பங்காக ஃபாஃப்ஸா எடுத்துக்கொள்வது அதிகபட்சம் 5.64 சதவீதம். அவ்வளவு பணத்தையும் மறைத்தாலும் மிச்சம் 6,768 டாலர்தான். வருமானத்திலோ மேல்தட்டில் 47 சதவீதம் வரை எடுக்கும். ஃபண்டை விற்றதில் வந்த 40,000 டாலர் லாபம் அந்த வருட வருமானத்தில் ஏறிவிட்டது. 2025-26 படிப்புக்குப் பார்ப்பது 2023 வரிக்கணக்கை. வரி போக மிச்சத்தில் 47 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 16,000 டாலர் எங்கள் தலையில் கூடுதலாக விழுந்தது. அந்த ஆளுக்கு ஆன்யூட்டி கமிஷன், எங்களுக்கு இது.

கல்லூரியிலிருந்து உதவித்தொகைக் கடிதம் வந்தபோது கிராண்ட் பூஜ்யம். 5,500 டாலர் அரசுக் கடன் மட்டும், அதுவும் படிக்கும்போதே வட்டி ஏறும் ரகம். போன் செய்தால், "கடனும் எய்டுதானே சார்" என்றார். அப்புறம் எங்கள் எண்ணை எடுப்பதே இல்லை. ஆன்யூட்டியை உடைக்கலாம் என்றால் சரண்டர் கட்டணம் (முன்கூட்டியே பணத்தை எடுப்பதற்கான கட்டணம்) 8 சதவீதம். அதன் மேல், 59½ வயதுக்கு முன் எடுத்தால் வளர்ந்த தொகைக்கு வரியும் 10 சதவீத அபராதமும்.

ஃபாஃப்ஸா நிரப்ப ஒரு பைசா கட்டணம் கிடையாது. எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று தோராயமாகத் தெரிய, கல்லூரியின் தளத்திலேயே நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும். 2011 முதல் சட்டப்படி வைத்தே ஆக வேண்டும். பல தனியார் கல்லூரிகள் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற தனிப் படிவமும் கேட்கும், அதில் குடியிருக்கும் வீட்டின் மதிப்பு வரை வரும். எனவே ஒரு கல்லூரிக்கு வந்த எண் இன்னொன்றுக்குச் சரிப்படாது. எல்லாக் கல்லூரிக்கும் சேர்த்து ஒரே தொகை எழுதித் தருகிறவரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஹெச்1பி குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை இங்கே பிறந்த குடிமகனாக இருந்தால் ஃபாஃப்ஸா போடலாம், உங்கள் விசா தடையில்லை. ஹெச்4-இல் (ஹெச்1பி-காரர் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைக்கு ஃபெடரல் உதவி கிடையாது. இதற்கும் "வழி இருக்கு" என்று பணம் கேட்கிறார்கள். வேலை போய்விட்டால் கல்லூரியின் எய்டு ஆபிசுக்கு நேராக எழுதுங்கள், வருமானத்தைத் திருத்திப் பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் ஆன்யூட்டி ஒப்பந்தத்தில் "ஃப்ரீ லுக்" என்ற பகுதியை இன்றே தேடுங்கள். முதல் சில நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். எங்களுக்கு அது கடந்துவிட்டது. மாநில இன்சூரன்ஸ் துறையிலும் எஃப்டிசியிலும் (நுகர்வோர் மோசடிகளைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பு) புகார் போட்டிருக்கிறோம், பதில் வந்தால் இங்கே சேர்க்கிறேன்.