வைஃபை பூஸ்டர் விற்க வருபவரிடம் ஏமாறாதீர்கள்

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் பழைய வீடுகளில் குடியிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். உள் அறைக்கு வைஃபை வரவில்லை என்று இணைய நிறுவனத்துக்குப் புகார் கொடுத்தோம். பழுது பார்க்க வந்தவர் ஒரு பெட்டியைத் தலையில் கட்டிவிட்டு, 3,500 ரூபாயை ரொக்கமாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எங்களுடையது தெருவிலிருந்து உள்ளே போகப் போக நீண்டுகொண்டே செல்லும் வீடு. ரேழி, கூடம், அதற்கப்பால் பின்கட்டு. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர்கள். ஃபைபர் கேபிள் வாசல் வழியாக வருவதால் ரவுட்டரை ரேழியிலேயே மாட்டியிருக்கிறார்கள். மகள் பின்கட்டு அறையில் உட்கார்ந்துதான் அலுவலக வேலை பார்க்கிறாள். கூட்டம் நடக்கும்போது படம் நின்றுவிடும், குரல் விட்டு விட்டு வரும்.

வந்தவர் முதலில் பின்கட்டுக்குப் போகவே இல்லை. ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்றபடி வேகத்தைச் சோதித்துக் காட்டினார். நாங்கள் பணம் கட்டும் 100 எம்பிபிஎஸ் அங்கே வரத்தான் செய்தது. “லைனில் ஒரு குறையும் இல்லை சார், உங்கள் சுவர்தான் பிரச்சினை. பூஸ்டர் போட்டால் மொட்டை மாடி வரைக்கும் எடுக்கும்” என்றார். பெட்டி பையில் தயாராக இருந்தது. நான்கு கொம்புகள் வைத்த வெள்ளைப் பெட்டி. அதைக் கொண்டுபோய் பின்கட்டு அறையில் செருகினார். கைபேசியில் சிக்னல் கோடுகள் முழுதாக எழுந்தன. ரசீது மின்னஞ்சலில் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை வரவில்லை.

சூட்சுமம் அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது. கைபேசிக்கும் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கும் நடுவே சிக்னல் எப்படி என்பதை மட்டுமே அவை காட்டும். ரேழியிலிருந்து அந்தப் பெட்டிக்கு என்ன வந்து சேர்கிறது என்பது அதில் தெரியாது. பூஸ்டர் என்று அவர் விற்றது உண்மையில் ரிப்பீட்டர், அதாவது ரவுட்டரின் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் பெட்டி. அதைப் பாதி வழியில், சிக்னல் இன்னும் தெம்பாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். சிக்னலே எட்டாத அறையில் வைத்தால் அது எதை வாங்கி எதைக் கொடுக்கும்? இது அவருக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. கூடத்தில் வைத்திருந்தால் பின்கட்டில் கோடுகள் இப்படி எழுந்திருக்காது, பணமும் அவ்வளவு சுலபமாகக் கைமாறியிருக்காது.

மகளின் கூட்டங்கள் பழையபடியே திக்கின. மறுபடி புகார் கொடுத்தால், 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். வாசலுக்கு வரும் 100 பின்கட்டுக்குப் போகவில்லை என்பதுதானே புகார்! அதற்கு அந்தப் பக்கம் பதில் இல்லை.

பெட்டியை மின்னணுச் சாமான் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனேன். தெரிந்த கடைக்காரர் மூடியைக் கழற்றிக் காட்டினார். நான்கு கொம்புகளில் இரண்டிலிருந்து மட்டும்தான் கம்பி உள்ளே சர்க்யூட் பலகைக்குப் போகிறது. மற்ற இரண்டும் வெறும் பிளாஸ்டிக், அழகுக்கு! அடியில் ஒட்டிய சீட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று அலைவரிசை மட்டும் இருந்ததே தவிர, தயாரித்தவர் பெயரைக் காணோம். இந்த வகையில் ஒரே ரேடியோதான், அதாவது சிக்னலை வாங்கி அனுப்பும் பகுதிதான், ரவுட்டரிடம் வாங்கவும் வேண்டும், கைபேசிக்குக் கொடுக்கவும் வேண்டும். அதனால் சரியான இடத்தில் வைத்தாலும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இதே மாதிரிப் பெட்டி அந்தக் கடையிலேயே ஆயிரத்துக்கும் கீழே கிடைக்கிறது.

5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் எங்கள் வீட்டு மாதிரிச் சுவர்களைத் தாண்டத் திணறும். 2.4 தாண்டும், ஆனால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அதே அலைவரிசைதான், ஒரே நெரிசல். கடைக்காரர் சொன்னபடி கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிளை ரேழி ரவுட்டரிலிருந்து பின்கட்டு வரை சுவரோரமாக இழுத்து, முனையில் ஒரு ஆக்ஸஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணையத்தை அங்கேயே வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) வைத்தோம். இப்போது அந்த அறையிலும் கிட்டத்தட்ட முழு வேகம் வருகிறது. பூஸ்டருக்குக் கொடுத்ததைவிடச் செலவும் குறைவு.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பூஸ்டர் அந்த ஊழியரின் சொந்த விற்பனை, தங்களுக்குத் தொடர்பில்லை என்கிறது நிறுவனம். அவர்கள் அனுப்பிய ஆள், அவர்கள் சட்டை, அவர்கள் அடையாள அட்டை! ரசீது தராமல் விற்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறையாகச் சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன்.

இப்படி யாராவது பெட்டியோடு வந்தால், எந்த அறையில் குறையோ அந்த அறையிலேயே, பெட்டி இல்லாமல் ஒரு தடவையும் வைத்து ஒரு தடவையும் வேகத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கோடுகளைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். மாடல் பெயர் எழுதிய ரசீது கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள். ஏற்கெனவே வாங்கி மாட்டியிருப்பவர்கள் அதைக் கழற்றி, ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு பிளக்கில் செருகிப் பாருங்கள், ஓரளவுக்காவது உதவும்.